இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடம்

"வாய்விட்டு எண்ணுங்க சார், எனக்குக் கேக்கணும்" என்கிறார் அட்மின் அக்கா, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு. மறுமுனையில் நகராட்சியின் வரிப்பிரிவு அதிகாரி பிரின்டரின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்தபடி எண்ணுகிறார். பத்து வரை எண்ணிவிட்டுத்தான் திரும்பச் செருக வேண்டும். "ஏழு எங்க சார் போச்சு? மறுபடி முதல்லேர்ந்து வாங்க." ஓய்வு பெறப்போகும் வயதில் இருக்கும் அந்த மனிதர், வாத்தியாரிடம் அகப்பட்ட பிள்ளையாக மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார். பிரின்டர் ஓடுகிறது. அக்கா நன்றிக்குக் காத்திராமல் போனை வைக்கிறார்.

அறைக்கதவில் 'தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர்' என்று பலகை இருக்கிறது. அதை யாரும் முழுசாகப் படித்ததில்லை. ஆணையர்கூடக் கூட்டத்தில் "மேடம்" என்பார். நெட் போய்விட்டால் "அக்கா" என்று இறங்கிவிடுவார். பிறப்பு, இறப்பு, குடிநீர், தெருவிளக்கு என்று அந்த ஊரின் சகலமும் இரண்டாம் மாடியில் ஒரு குளிர் அறைக்குள் இருக்கிறது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்; அக்கா பழுப்பு ஸ்வெட்டரில் உட்கார்ந்திருப்பார். காலையில் வந்ததும் சர்வரின் விசிறிச் சத்தத்தை நின்று கேட்பார். "இன்னிக்கு என்னவோ மூச்சு வாங்குது" என்பார். அன்றைக்கு யாரும் பெரிய ஃபைல் எதையும் ஏற்றக் கூடாது.

மனிதர்களை அவர் நம்புவதில்லை. "நான் எதையும் தொடவே இல்லக்கா" என்று யாராவது ஆரம்பித்தால், "தொடாமயே தானா போச்சா? நல்லா இருக்கே கதை" என்பார். வீட்டிலும் இதே பாடுதான். டிவி வரவில்லை என்றால், "கடைசியா யார் தொட்டது?" என்று விசாரணை தொடங்கும். வளர்ந்த இரண்டு பையன்களும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். வீட்டுக்காரர் அந்த வீட்டைக் கிளை அலுவலகம் என்றுதான் சொல்வார்.

அக்காவின் ராஜ்யத்தில் ஒரே ஒரு சட்டம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு நகல் உண்டு, அதற்கு ஒத்திகை சிஸ்டம் என்று பெயர். எதைச் சோதித்துப் பார்ப்பதானாலும் அங்கேதான் பார்க்க வேண்டும். உண்மையான சிஸ்டத்தில் கை வைத்து விளையாடினால் ஒரு வாரத்துக்குப் பாஸ்வேர்ட் பறிபோகும். இந்தச் சுற்றறிக்கையை அவரே எழுதி, ஆணையரிடம் கையெழுத்து வாங்கி, மாடிப்படியில் சிவப்புச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எத்தனையோ பேரின் பாஸ்வேர்ட் பறிபோயிருக்கிறது. கெஞ்சியவர்களுக்கு, "சட்டம்னா சட்டம்தான்" என்பதோடு சரி.

அந்தச் சட்டத்தை முதன்முதலில் மீறியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் அக்காவேதான்.

பிறப்புப் பதிவு மென்பொருள் வந்த புதிது. திறந்துவைக்க விருந்தினர்கள் படியேறிக்கொண்டிருந்த நேரத்தில், ஓடுகிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமே என்று அவசர அவசரமாக ஒரு பெண் குழந்தையைப் பதிவு செய்தார். ஒத்திகைத் திரை என்று நினைத்துச் செய்தது. திறந்திருந்தது உண்மைத் திரை. முகவரிக்குத் தன் தெருவின் கோடியில் இல்லாத ஒரு வீட்டு எண், தொடர்புக்குத் தன்னுடைய போன். பெயர்? தனக்குப் பெண் பிறந்தால் வைக்கலாம் என்று ஒருகாலத்தில் எடுத்து வைத்திருந்த பெயர். அதை இங்கே எழுதக் கூடாது என்பது அக்கா போட்ட நிபந்தனை. எழுதினால் நம்முடைய கம்ப்யூட்டரை எந்த ஜென்மத்திலும் தொட மாட்டாராம்.

அன்றைக்கே நீக்கியிருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளில், 'உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள்' என்று அவர் போனுக்கு மெசேஜ் வந்தது. "ஆஹா, ஒழுங்கா போகுதே!" என்று அக்காவுக்கு ஒரே திருப்தி. அப்புறம் அந்தக் குழந்தைக்கு வரும் ஒவ்வொரு மெசேஜும் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். தடுப்பூசி நர்ஸ் இல்லாத வீட்டைத் தேடி அலுத்து, ஒவ்வொரு தடவையும் 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். குழந்தை கணினிக்குள் சமர்த்தாக வளர்ந்தது; அதற்கு ஐந்து வயதானது.

நகராட்சிப் பள்ளியில் சேர்க்க யாரும் விண்ணப்பம் போட வேண்டாம், பிறப்புப் பதிவிலிருந்து சிஸ்டமே பிள்ளைகளை எடுத்துக் குலுக்கல் போட்டுவிடும் என்பது அக்காவே போட்ட திட்டம். அந்தப் பெருமையில்தான் அவருடைய பிரிவுத் தலைவர் பதவிக்கான கோப்பு ஆணையர் மேசை வரை போயிருந்தது. போன சேர்க்கையின்போது குலுக்கல் முடிந்ததும் அக்காவின் போன் சிணுங்கியது. 'வாழ்த்துகள்! உங்கள் மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துள்ளது.' ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கணம், பதிவை எடுத்துப் பார்க்கக் கீழே பதிவுப்பிரிவுக்கு ஓடினார்.

அந்த நேரம் பார்த்து அங்கே கவுன்டரில் ஒரு குரல். பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு பெண், தோளில் தோல்பையோடு. இல்லாத பிள்ளைக்கு இடம் கிடைத்த அதே பள்ளியின் காத்திருப்போர் வரிசையில் அவர் மகன்தான் முதல் ஆள். "டிப்போவுக்கு எதிர்ல இருக்கற பள்ளிக்கூடம்ங்க. விட்டுட்டு அப்படியே வண்டி ஏறிடுவேன். இப்ப கிடைச்சிருக்கறது ரெண்டு பஸ் மாறிப் போகணும். புள்ளையைக் கொண்டுபோய் விட்டா வேலைய விடணும். நான் ஒத்தை ஆளுங்க, என்ன பண்ணுவேன்?" கவுன்டர்காரர், கிடைத்த பிள்ளை வராவிட்டால் பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்துத்தான் அடுத்தவருக்கு இடம் என்று விதியைப் படித்தார். அந்த விதியும் அக்கா எழுதியதுதான்.

பதிவிலிருந்து பிள்ளையை எடுக்க வழி மூன்றுதான்: இறப்பு, வேறு ஊருக்கு மாற்றம், தவறான பதிவு. மாற்றம் என்றால் போகிற ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறான பதிவு என்றால் காரணம் எழுதி ஆணையரிடம் நிற்க வேண்டும். கூட இருந்த பதிவுப்பிரிவு எழுத்தர் விஷயத்தைக் கேட்டு, திரையை எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இறப்புன்னு போட்டுடுங்கக்கா. உங்க பாஸ்வேர்டுக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஒரு நிமிஷ வேலை. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

அக்காவின் விரல் அந்தப் பொத்தான் வரை போனதை எழுத்தர் பார்த்தார். போன விரல் சுட்டதுபோலத் திரும்பி வந்தது.

"அஞ்சு வயசுப் பிள்ளையப் போயி... நாக்கு கூசலையா உங்களுக்கு?"

"எந்தப் பிள்ளைக்கா? அப்படி ஒரு பிள்ளையே இல்லையே!"

"இல்லன்னா? இல்லன்னா என்ன வேணா சொல்லிடுவீங்களா?" என்று சீறியவர், அந்த வேகத்திலேயே 'தவறான பதிவு' என்பதை அழுத்தி, காரணத்தில் தன் பதவியையும் தான் செய்ததையும் எழுதி அச்செடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்கு நடந்தார்.

ஆணையர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "நீங்களா?"

"நான்தான் சார்."

"இது யார் பேரு?"

"சும்மா... வாய்க்கு வந்தது சார்."

ஆணையர் நல்ல மனிதர்தான். ஆனால் மாடிப்படியில் மாட்டியிருந்த சுற்றறிக்கையில் அவருடைய கையெழுத்தும் இருந்ததே! "என்ன பண்றது மேடம், சட்டம்னு ஒண்ணு போட்டுட்டீங்க" என்றபடி ஒப்புதல் தந்தார். அக்காவின் பாஸ்வேர்ட் ஒரு வாரத்துக்குப் போனது. பிரிவுத் தலைவர் கோப்பை மேசையின் மேலிருந்து எடுத்து அடுக்கின் அடியில் வைத்தார். அக்கா அதைப் பார்க்காதவர்போல நின்றார். வலிக்கத்தான் செய்தது.

அந்த ஒரு வாரம் நகராட்சி பட்ட பாடு தனிக் கதை. பாஸ்வேர்ட் இல்லாத அக்காவுக்கோ மேலே வேலையில்லை. மதியம் கீழே வந்து, சாப்பிடப் போன கவுன்டர்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் கண்டக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அக்காவை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணாடித் தடுப்பில் போனை ஒட்டிக் காட்டினார். "இங்க பாருங்க! ஒரு இடம் காலியாயிடுச்சாம், என் பையனுக்குக் கொடுத்துட்டாங்க. நிஜந்தானே?"

"நிஜந்தான். போய்ச் சேத்துடுங்க."

கண்டக்டர் சிரித்தார். உடனே முகம் மாறியது. "அது யார் இடம்ங்க? அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே? நல்லா இருக்குல்ல?"

அக்கா, "நல்லாதான் இருக்கா" என்றார்.

"அப்பாடா. அவங்கம்மா யாருன்னு தெரிஞ்சா, கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்ங்க."

அட்மின் அக்கா ஸ்வெட்டரின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடித் தடுப்பின் கீழிருந்த இடைவெளி வழியாகத் தன் கையை நீட்டினார்.