டப்பா மாறியது

என் சித்தப்பா கார் மெக்கானிக். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரரை வறுத்தெடுத்துவிடுவார்.

டீச்சரம்மாவின் பழைய காரில், மிதித்த கிளட்ச் பெடல் எழும்பாமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. சித்தப்பா பானட்டைத் தூக்கி, கிளட்சுக்கு பிரேக் ஆயில் ஊற்றும் சிறு தொட்டியில் விரலைவிட்டு முகர்ந்தார். கொதித்துப்போனார்.

"பிரேக் ஆயில் ஊத்துற எடத்துல எந்த மடையன் இன்ஜின் ஆயில ஊத்துனான்? உள்ள ரப்பரெல்லாம் உப்பிப் போச்சு! அவன் கைய ஒடைக்கணும்!"

"போன மாசம் நீங்கதாண்ணே ஊத்துனீங்க," என்றார் டீச்சரம்மா. "என்னைத் திட்டிக்கிட்டே ஊத்துனீங்க."

சித்தப்பா கை துடைத்த துணியை விட்டெறிந்தார். "பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஆயில் டப்பா மாறிப்போச்சுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்கும் சேத்துத் திட்டுனீங்க."