மூன்று விரலும் பதினேழு ராக்கெட்டும்

பழைய கார்களை நசுக்கும் யார்டில் அவனுக்கு இடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அடையாள அட்டையில் போய்த்தான் தேட வேண்டும். நசுக்கும் மெஷினை ஓட்டுவது அவன் வேலை. கம்பியை இழுத்தால் முழுக் கார் ஒன்று மெத்தை உயரத்துக்கு வந்துவிடும். அதிலும் தீராத கோபத்தை மனிதர்கள்மேல் தீர்த்துக்கொள்வான். மேஸ்திரியின் முன்பல் இரண்டும் அப்படிப் போனவைதான். இடியின் தம்பிக்குப் பல் செட் செய்யும் இடத்தில் வேலை. "அண்ணன் கழட்டுவான், தம்பி மாட்டுவான், குடும்பத் தொழில்" என்று யார்டில் சொல்வார்கள். இடி பக்கத்தில் இல்லாதபோது சொல்வார்கள்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்குப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? மாடல் ராக்கெட். அட்டைக் குழாய், லேசான மரத்தில் இறக்கை, பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே கைக்குட்டை அளவில் ஒரு பாராசூட். பெட்டியாக வாங்கி, ஒட்டி, வெட்டவெளியில் பறக்கவிட வேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே செய்வார்கள். அறுப்பதும் தேய்ப்பதும் இடி. ஒட்டுவது தம்பி. அவன் விரல்களுக்கு அப்படி ஒரு பக்குவம்.

இந்த வேலையில் ஒரு கண்டம் உண்டு. என்ஜின் உட்காரும் சின்னக் குழாயைப் பசை தடவிப் பெரிய குழாய்க்குள் இறக்க வேண்டும். ஒரே தள்ளு. நடுவில் ஒரு மூச்சு நேரம் நின்றாலும் பசை அட்டையைக் கவ்விக்கொள்ளும். பிறகு எவன் வந்தாலும் அசைக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன் தம்பி அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது, "டேய், கோணலாப் போகுதுடா!" என்று இடி கத்தினான். தம்பி திடுக்கிட்டு நிறுத்தினான். குழாய் பாதியில் மாட்டிக்கொண்டது. மேஜைமேல் சுத்தியல் கிடந்தது. இடி அதை எடுத்துத் தம்பியின் வலது கைமேல் போட்டான். மூன்று விரல்கள் நொறுங்கின. அந்தச் சத்தம் சமையலறையில் இருந்த இடியின் மனைவிக்கே கேட்டது.

எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. பல் செய்த தம்பி இப்போது அதே இடத்தில் ஃபோன் எடுக்கிறான். அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. வாங்கி வைத்த பதினேழு பெட்டிகள் அலமாரிமேல் தூசி படிந்து கிடந்தன. "அவன் ஏன் நிறுத்தினான்?" என்றே இடி மூன்று வருடமும் சாதித்தான். ஆனால் தம்பி வராத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டு ஃபோன் செய்தான்.

"அந்தப் பதினேழையும் நீயே கட்டி முடி," என்றான் தம்பி. "முடிச்சா வர்றேன். ஆத்திரத்துல ஒண்ணை உடைச்சாலும் வரமாட்டேன். அண்ணிகிட்ட கேட்டுக்குவேன், அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

இடி உட்கார்ந்தான். நான்காவது ராக்கெட்டின் இறக்கை மூன்று தடவை கழன்றது. எழுந்து குளியலறைக்குப் போய்ச் சுவரைக் குத்தினான். பூச்சு பெயர்ந்து விழுந்தது. முட்டியெல்லாம் ரத்தம்.

"சுவர் போனா பூசிக்கலாம்," என்றாள் மனைவி, கதவுக்கு வெளியே நின்றபடி. "நல்லாக் குத்துங்க."

குத்தி முடித்து வந்து நான்காவதையும் ஒட்டினான்.

மறுநாள் யார்டில் கேஸ் கட்டர் பிடிப்பவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன இடி, வீட்ல பொம்மை செய்றியாமே? எனக்கு ஒண்ணு தாயேன், தொட்டில்ல கட்டி விடுறேன்," என்றான். இடி அவன் முடியைப் பிடித்துக் கார் கதவில் மோதினான். இரண்டாவது மோதலில் கண்ணாடி உடைந்தது. அவனும் சளைத்தவன் இல்லை. கைக்குக் கிடைத்த ஸ்பேனரால் இடியின் புருவத்தைப் பிளந்தான். ரத்தமும் ஆயிலுமாகப் புரண்ட இரண்டு பேரையும் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பத்து நாள் இந்தப் பக்கமே வராதே என்றார் முதலாளி. உள்ளதைச் சொன்னால், இடிக்கு அது வசதியாகத்தான் போயிற்று.

பத்து நாளில் பன்னிரண்டு ராக்கெட். கோபம் வந்தபோதெல்லாம் துண்டைக் கடித்தான். துண்டு கந்தலாயிற்று. ராக்கெட் ஒன்றிலும் கீறல் இல்லை. பதினாறும் ஜன்னலோரம் வரிசையாக நின்றன. நாளைக்குக் காலையில் கடைசி என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினான்.

காலையில் பசை தடவி, மூச்சைப் பிடித்து, தள்ளினான். வாசல் மணி அடித்தது. கை நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். குழாய் பாதியில் மாட்டிக்கொண்டது.

இடிக்கு ரத்தம் தலைக்கேறியது. அதே மேஜையில் அதே சுத்தியல். எடுத்து ஓங்கியும்விட்டான். அதற்குள் மனைவி கதவைத் திறக்க, தம்பி அறை வாசலில் வந்து நின்றான். ஓங்கிய சுத்தியலைப் பார்த்தான். மாட்டிய குழாயையும் பார்த்தான்.

இடியின் கை மெல்ல இறங்கியது. "மணி அடிச்சதும் கை தானா நின்னுடுச்சுடா," என்றான். "அன்னைக்கு நான்தானே கத்தினேன்."

இடி சுத்தியலைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டு, தன் வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தான்.

"அடி."

தம்பி எடுத்தான். மூன்று வருட வெறியோடு தலைக்குமேல் ஓங்கினான். மடங்காத விரல்களுக்குள் பிடி நிற்கவில்லை. சுத்தியல் நழுவித் தரையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் இடிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே குனிந்து எடுத்து, தம்பியின் இடது கையில் வைத்தான்.

"வேண்டாம் தம்பி," என்றாள் மனைவி.

தம்பி அடித்தான். இடியின் சுண்டுவிரல் நசுங்கி, ரத்தம் மேஜையில் ஓடியது. இடி பல்லைக் கடித்தான். கையை எடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு இருக்குடா."

தம்பி சுத்தியலைக் கீழே வைத்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மாட்டிய குழாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அது இருக்கட்டும். இதை அறுத்துட்டு மறுபடி தள்ளணும்," என்றான். "ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து ஒரு கைக்காவது விரல் வேணாமா?"