ராத்தாவின் பிறந்த தேதி

சகோதரர்களே, என் மனைவிக்கு விசா மறுக்கப்பட்டதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை மறுப்புக் கடிதம் வந்தது. கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் பர்ஹானா அப்போது கர்ப்பமாக இருந்தாள். முன்பு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. இம்முறை கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகனால் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. "உம்மாவ அனுப்புங்க வாப்பா" என்று தொலைபேசியில் அழுதாள்.

விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். எங்கள் ஊர் கனமூலையில் யாருக்கு விசாப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குப் பெருமை.

படிவத்தில் மனைவியின் உடன்பிறந்தவர்கள் எல்லோருடைய பிறந்த தேதியையும் கேட்டிருந்தார்கள், இறந்தவர்களுடையதையும். என் மனைவி ஸுபைதா கற்பிட்டிப் பக்கம் கடலோரக் குடிசையில் பிறந்தவள். அந்த வீட்டில் எந்தப் பிறப்பும் பதியப்படவில்லை. அவளுடைய அடையாள அட்டையில் இருப்பதே டாக்டர் ஒருவர் ஆளைப் பார்த்து உத்தேசமாக எழுதிய பிறந்த தேதிதான். அவளுக்கு மூத்தவளாக ஒரு ராத்தா இருந்தாள். சிறு வயதிலேயே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாள். நோன்பு மாதத்தில் பிறந்தவள் என்பது மட்டும்தான் குடும்பத்தில் தெரியும்.

"தெரியாதெண்டு எழுதுங்களே" என்றாள் ஸுபைதா. நான் கேட்கவில்லை. ஒரு வருடத்தை நானே ஊகித்தேன். அந்த வருடம் நோன்பு எந்த மாதத்தில் வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து ஒரு தேதியை எழுதினேன். மனைவியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

மனைவிக்கு அந்த டாக்டர் கொடுத்த தேதிக்கும் ராத்தாவுக்கு நான் கொடுத்த தேதிக்கும் இடையில் ஐந்து மாதம். இருவரும் ஒரே தாயின் பிள்ளைகள்! தந்த விபரங்களை நம்ப முடியாது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

"எங்கட உம்மாவ ஆடாக்கிட்டீங்களே மச்சான், அஞ்சு மாசத்துக்கு ஒண்டு போட!" என்று சிரித்தான் ஸுபைதாவின் தம்பி ஜவாத். ஸுபைதா சிரிக்கவில்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கட்டி வைத்திருந்த மருந்துச் சரக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள்.

முந்தல் டவுனில் ஒரு விசா ஏஜென்டிடம் போனேன். "ராத்தாக்கு ஒரு வயசுச் சான்றிதழ் செஞ்சி எடுப்பம் சேர். மௌத்தானவங்க எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லவா போறாங்க?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். என் இரண்டாவது வெட்கம் அது.

வீட்டில் சொன்னதும் ஸுபைதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பச்சப் புள்ளையா மௌத்தானவ. அவக்கு இன்னொரு பொய்ய கட்டி, அத புடிச்சுக்கிட்டு நான் மகளுக்கிட்ட போகணுமா? வேணாம்."

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு, தேவையை வேண்டித் தொழும் ஹாஜத் இரண்டு ரக்அத் தொழுதேன். "யா அல்லாஹ், அந்தப் பிள்ளை பிறந்த நாளை நீ அறிவாய். நான் அறியேன். அறிந்தவன் போல் எழுதிவிட்டேன். என் பெருமைக்காக என் மகளைத் தண்டித்துவிடாதே" என்று அழுதேன். எழும்பும்போது முடிவெடுத்திருந்தேன். விசா கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, இனிப் பொய் எழுதுவதில்லை.

மறுநாள் ஏஜென்டிடம் போய், சான்றிதழ் வேண்டாம் என்றேன். "உண்மைய எழுதி விசா எடுத்த ஒரு ஆள காட்டுங்க சேர்" என்றார் ஏஜென்ட். "பொறுத்துப் பாரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் பயம்தான்.

மறுபடி விண்ணப்பித்தோம். முந்திய தேதி நான் இட்டுக்கட்டியது, மனைவிக்கு அதில் பங்கில்லை, உண்மைத் தேதி யாருக்கும் தெரியாது, ஏன் தெரியாது என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஜவாத் கேலியை விட்டுவிட்டு, ராத்தாவின் பிறப்பு பதியப்படவில்லை என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி கொடுத்தான். இதற்கிடையில் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் துஆவை விடவில்லை.

கொழும்புக்கு நேர்முகத்துக்கு அழைத்தார்கள். நான் வெளியே இருந்து, பாவமன்னிப்புக் கேட்டு இஸ்திஃபார் ஓதிக்கொண்டிருந்தேன். வெளியே வந்த ஸுபைதா சொன்னாள்: "ராத்தா பிறந்த தேதி என்னெண்டு அந்தத் தமிழ் புள்ள கேட்டிச்சி. 'தெரியாது மகள், நான் தவழக்க அவ என்னத் தூக்கித் திரிஞ்சாவாம்' எண்டன். அப்ப போன தடவ எழுதினது என்னெண்டு கேட்டிச்சி. 'அது எங்கட மாஸ்டர்ட வேல' எண்டன். புள்ள அத மொழிபெயர்த்துச் சொல்ல அந்த வெள்ளக்காரர் சிரிச்சிட்டார்."

விசா வந்தது. அல்ஹம்துலில்லாஹ். அவள் போய்ச் சேர்ந்த சில நாட்களில், நாள் ஆகும் முன்பே, சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "உம்மா என்ட கைய விடவே இல்ல வாப்பா" என்றாள் மகள்.

இப்போதும் என்னிடம் படிவங்கள் வருகின்றன. போன கிழமை ஒருவர், "வாப்பாக்கு ஒரு நல்ல தேதியாப் பாத்துப் போட்டுவிடுங்க" என்றார். கதிரையை இழுத்து அவரைப் பக்கத்தில் இருத்தி, தெரியாது என்றே எழுதவைத்தேன். பிறகு இருவரும் துஆக் கேட்டோம்.

உங்களுக்கும் அப்படி ஒரு கஷ்டம் இருந்தால், உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு அல்லாஹ்விடம் கேளுங்கள். பொய்யை ஒரு கையில் மறைத்துக்கொண்டு அவன் முன் இரண்டு கைகளையும் ஏந்த என்னால் முடியவில்லை. உங்களாலும் முடியாது.