எண்ணெய் ஏற்றிப் போன கப்பல்

வளைகுடா நாடு ஒன்றில், கடலோரத்து எண்ணெய் முனையத்தில் ஆறு வருடம் பம்ப் ஆப்பரேட்டராக இருந்தேன். தொட்டிகளில் நிற்கும் கச்சா எண்ணெயைக் கப்பலில் ஏற்றுவது எங்கள் வேலை. என்னை அங்கே சேர்த்துவிட்டவரே எனக்குச் சூப்பர்வைசர். அவர் கேரளத்துக் குமுளிக்காரர், நான் தேனிப் பக்கத்துக் கூடலூர். நடுவில் மலைதான். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அவரைச் சேட்டா என்பேன். எனக்கு மகள் பிறந்த சேதி வந்தபோது கேம்ப் முழுக்க மிட்டாய் கொடுத்தவர் அவர்தான்.

போர் மூண்ட நாலாம் நாள், பக்கத்து முனையத்தில் ட்ரோன் விழுந்து ஒரு தொட்டி பற்றிக்கொண்டது. எங்கள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. அன்று மெஸ்ஸில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும் என்று நம் நாட்டின் அறிக்கையை வாசித்தார்கள்.

“அடிச்சவன் யாருன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன சேட்டா?” என்றேன்.

அவர் சிரித்தார். “ரெண்டு பேர்கிட்டயும் எண்ணெய் வாங்கணும் தம்பி. ஒருத்தனக் குத்தம் சொன்னா நாளைக்கு அவன் குழாய மூடிடுவான். பின்னே நாட்டுல வண்டி ஓடுமா?”

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எரிகிற தொட்டிக்குப் பக்கத்தில் நானும் நிற்கிறேன் என்பது அந்த நிமிஷம் உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மெஸ் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். எல்லோரையும் பஸ்ஸில் எல்லை தாண்டி அழைத்துப்போய், அங்கிருந்து விமானம் ஏற்றுவதாக ஏற்பாடு. ஏற்றுமதி நிற்கக்கூடாது என்பதால் பன்னிரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டில் என் பெயர் முதலில் இருந்தது. சேட்டாவின் பெயர் பஸ்ஸில் போகிறவர்களோடு இருந்தது.

“ஆபீஸ்ல முடிவு பண்ணினது தம்பி. எனக்கே இப்பத்தான் தெரியும்” என்று சொல்லிக் கட்டிப்பிடித்தார். அழுதார்கூட. நான்தான் அவர் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தேன்.

பத்தொன்பது நாள் இருந்தோம். சைரன் அடித்தால் கான்கிரீட் குழாய்க்குள் போய் ஒண்டிக்கொள்வது, நின்றால் பம்ப்புக்குத் திரும்புவது. ஒரிசாக்காரர் ஒருவருக்கு வெடிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. அந்தக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு மறுநாளும் வால்வு திருப்பினார்.

அப்போதுதான் நம் நாட்டுக் கொடியோடு ஒரு கப்பல் வந்தது. தூரத்தில் அதற்குக் காவலாக ஒரு போர்க்கப்பல் நின்றது. எனக்கு நெஞ்சு விம்மியது. ஊருக்குப் போகிற கப்பல்! குழாயைப் பொருத்திக்கொண்டே மேலே நின்ற மாலுமியிடம் தமிழில் கத்தினேன். அவர் தூத்துக்குடிக்காரர். கேப்டனிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“அண்ணே, ஆள் ஏத்த அனுமதி கிடையாதாம். சரக்கு மட்டுந்தான்” என்றார். சொல்லும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினாறு மணி நேரம் அந்தக் கப்பலை நான்தான் நிரப்பினேன். அது போனது. காவல் கப்பலும் கூடவே போனது. கரையில் எங்களுக்குக் காவலாக யாரும் இல்லை.

சண்டை ஓய்ந்து ஊருக்குக் கிளம்பும்போது, கம்பெனி வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க ஆபீஸ் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் ஃபைலைப் புரட்டியபோது ஒரு தாள் கண்ணில் பட்டது. இருக்க வேண்டிய பன்னிரண்டு பேரை யார் பரிந்துரைத்தது என்ற தாள். சேட்டாவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆறு வருடம் பார்த்த கையெழுத்து.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சாப்பாடு எடுத்துவைத்தாள். பேச்சைத் தொடங்கியது என் அண்ணன்தான். அவர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார்.

“டிவியில பயங்காட்டுனாக தம்பி. ஆனா இங்கன ஒருநாகூட டீசல் நிக்கல தெரியுமா? கப்பலெல்லாம் சேதமில்லாம வந்திருச்சுன்னு சொன்னாக. நம்ம நாடு கெட்டிக்கார நாடுதாண்டா” என்றார்.

அண்ணன் நல்லவர்தான். தன் தம்பி அங்கே இருந்தான் என்பது அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு விட்டுப்போயிருந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

“அவரு உசிரோட வந்ததுக்கு யாராச்சும் கெட்டிக்காரத்தனம் பேசுனாகளா?” என்று என் மனைவி அண்ணனிடம் கேட்டது வாசல் வரை என் காதில் விழுந்தது.

மறுவாரம் பஸ் ஏறிக் குமுளிக்குப் போனேன். சேட்டா வீட்டு முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அந்தத் தாளைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“பன்னிரண்டு பேரோட பேரு கொடுத்தாத்தான் என்னை விடுவோம்னாங்க. கோபிக்கிறவன் பேரு போட்டா கலாட்டா ஆகும். நீ எதிர்த்துப் பேச மாட்டேன்னு தெரியும் தம்பி. அதான் முதல்ல போட்டேன்.”

அடிக்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். கை எழவில்லை. காபி குடித்துவிட்டுப் போ என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் கேட் வரை பின்னாலேயே வந்தார்.

இரண்டு மாதத்தில் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. பதவி உயர்வாம், சேட்டா இருந்த இடம். அதாவது, அடுத்த முறை பட்டியல் எழுதுகிறவன் நானாக இருப்பேன். போகவில்லை. இப்போது கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் பார்த்துக்கொள்கிறேன்.