வளையல் போட்ட இடது கை

கை டீச்சர் என்று அவளுக்குப் பட்டம் வைத்தது அப்பாதான். அவள் வேலைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். பக்கவாதம் வந்தவர்களின் வீடு தேடிப் போய், சட்டை போடவும் அடுப்பு பற்றவைக்கவும் மறுபடி பழக்குவாள்.

முதல் நாளே எனக்கு எரிச்சல் மூட்டினாள். அப்பாவை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நேரே குளியலறைக்குப் போய், வாசலில் கிடந்த மிதியடியைச் சுருட்டி என் கையில் திணித்தாள். இது ஆளைக் கவிழ்த்துவிடுமாம். வந்ததும் வராததுமாக என்னை வேலை வாங்குகிறாளே என்று முணுமுணுத்தேன். அப்பா பாதி வாயால் சிரித்தார்.

அப்பா லாரி ஓட்டியவர். இடது கை விழுந்ததுகூடப் பெரிதில்லை. இடது பக்கம் என்ற ஒன்றே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. தட்டில் வலது பாதியைத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார். ஒரு கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பார்.

அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் இருந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக இருந்தார். தம்பியோ முதியோர் இல்லத்தில் இடம் பேசி வைத்திருந்தான். நான் லீவு முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியவள். தனியாகச் சமாளிப்பார் என்று டீச்சர் சொன்னால் வீடு, சொல்லாவிட்டால் இல்லம். அப்படித்தான் முடிவாகியிருந்தது.

டீச்சர் எப்போதும் அப்பாவின் இடது பக்கமே நாற்காலி போடுவாள். பேசினால் அந்தப் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும். இடது பக்கக் கண்ணாடியைப் பாருங்கள் சார், பின்னால் பஸ் வருகிறது என்று சீண்டுவாள். சுவிட்ச், கதவு, அடுப்பு எல்லாவற்றுக்கும் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினாள். கைக்கும் ஏதாவது சத்தம் போடுகிற சாமான் வேண்டும், காது கேட்டால் கண் தானாகப் போகும் என்றாள். நான் அம்மாவின் கண்ணாடி வளையல் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்குக் குழந்தைக் கை. அந்த வளையல் எனக்கே ஏறாது. டீச்சர் சோப்புகூடப் போடாமல் அப்பாவின் கையில் மாட்டிவிட்டாள். கை அவ்வளவு இளைத்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அப்பா இரண்டு கப் டீ கேட்டார். ஒன்றை இடது பக்கம் வைக்கச் சொன்னார். அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொடுப்பார். ஒரு மத்தியானம் நானும் டீச்சரும் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அப்பா தூங்குகிற அறையிலிருந்து வளையல் சத்தம் வந்தது. அம்மா பாத்திரம் தேய்க்கும்போது வருகிற அதே சத்தம். போய்ப் பார்த்தோம். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், கை அசையாமல் கிடந்தது. டீச்சர் அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

சோதனை நாள் வந்தது. இடது பக்க அடுப்பில் பால் காய்ச்சி, பொங்குமுன் அவரே அணைக்க வேண்டும். நாங்கள் வாய் திறக்கக் கூடாது. அப்பா பற்றவைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து வலது பக்க ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். பால் ஏறியது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது வளையல் குலுங்கியது. ஒரு துணி கிளிப்பைக்கூடத் தூக்காத அந்தக் கை மடியிலிருந்து எழுந்து, அடுப்பைத் திருகி அணைத்துவிட்டு, மறுபடி மடியில் படுத்துக்கொண்டது. அப்பா தலையைத் திருப்பவே இல்லை.

"அணைச்சுட்டா" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

எனக்குப் பயத்தையும் மீறிச் சந்தோஷம். ஜெயித்துவிட்டாரே, எழுதிக் கொடுங்கள் என்றேன். டீச்சரின் உதடு வெளுத்திருந்தது. அவர் முன்னால் குனிந்து அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"சார், இது யார் கை?"

"அவ கை. உங்களுக்குத் தெரியாதா?"

டீச்சர் வளையலைக் கழற்றினாள். வழுக்கிக்கொண்டு வந்தது. தன் கை என்று தெரியாத மனுஷன் ஒரு நாள் அதை நெருப்பில் விட்டுவிடுவார், இப்படி விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றாள். அம்மாவின் சாமானை வாங்கி மாட்டியது தன் தப்பு என்றும் சொன்னாள். அப்பா வெறும் மணிக்கட்டைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதார். பாவி, இவளுக்கு நெஞ்சு இருக்கிறதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

லீவை நீட்டித்தேன். டீச்சர் அந்தக் கையைத் தேய்த்தாள், அதற்கு எண்ணெய் தடவ அவரையே பழக்கினாள், கண்ணாடி முன் உட்காரவைத்து இது யார் கை என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பா முதலில் முறைத்தார். கடைசியில் ஒரு நாள் மெல்ல, என் கை என்றார். மறு சோதனையில் பால் ஏறியதும் லெஃப்ட் கண்ணாடி என்று தனக்குத்தானே முணுமுணுத்து, கழுத்தைத் திருப்பிச் சிவப்பு டேப்பைத் தேடி, வலது கையை நீட்டி அணைத்தார். இடது கை மடியில் செத்துக் கிடந்தது. டீச்சர் அங்கேயே எழுதிக் கொடுத்தாள். தம்பி இல்லத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொன்னான்.

கடைசி நாள் டீச்சர் வளையலைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவின் முகம் அதைப் பார்த்து ஏங்கிப்போனது. அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள் சார், இப்போது பரவாயில்லை என்று மாட்டப் போனாள். விரல் முட்டியோடு நின்றுவிட்டது. சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம், அசையவில்லை. அப்பாவின் கை லாரி ஸ்டியரிங் பிடித்த கை, அகலமாக, எலும்பு முட்டியோடு இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

அப்பாதான் வளையலை வாங்கித் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"விடுங்க டீச்சர், ஏறாது. இது என் கைதானே."