காலியாக வராத டின்கள்

அந்த வெள்ளைக்கார மிஸ் லோரியின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். முதல் டின்னின் மூடியை அவரே தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு கோழி எழுந்து, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தோளுக்கு மேலே குதித்து ஓடியது.

என் வேலை அன்றைக்கே போயிருக்க வேண்டும். எப்படித் தப்பியது என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். லோரி ஓட்டினவன் ஜாம் இல்லாத பக்கமாகத்தான் போவான்.

1. நாற்காலியும் டின்னும்

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், கிள்ளானில் முறுக்கு, மிக்சர் போடும் சின்ன ஃபேக்டரி. அங்கே நான் டிரைவர். பிரிக்ஃபீல்ட்ஸ், பங்சார், சுங்கை பூலோ பக்கம் வீட்டிலேயே பலகாரம் விற்கும் ஆன்டிகளுக்குப் பெரிய பிளாஸ்டிக் பைகளில் சரக்கு கொண்டுபோவேன். காலிப் பையெல்லாம் லோங்காங்கில், அதுதான் சாக்கடையில், போய் அடைக்கும். மழை பெய்தால் மிக்சர் வாசத்தோடு தண்ணீர் ரோட்டுக்கு வரும். ஃபேக்டரியில் மிஞ்சும் குப்பையைப் பின்பக்கம் கொளுத்துவோம்.

அப்போது வெளிநாட்டுக் கடைக்காரர்கள் எங்கள் மிக்சரைக் கேட்டார்கள். கூடவே கண்டிஷனும் வந்தது. பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும். குப்பையைக் கொளுத்தக் கூடாது. வேலைக்காரர்களை நல்லபடியாக வைத்திருக்க வேண்டும். டிரைவர்கள் வாடிக்கையாளரிடம் எதுவும் கறக்கக் கூடாது. இதையெல்லாம் சோதித்துப் பார்க்க அவர்கள் அனுப்பியவர்தான் அந்த மிஸ்.

முதலாளி உடனே பேக்கிங் பெண்களுக்கு நாற்காலி வாங்கினார். அவர்களோ உட்கார மாட்டேன் என்றார்கள். முதலாளி நிற்கும்போது எப்படி உட்காருவது? பாவம், மனுஷன் தன் ஃபேக்டரிக்கு வெளியே வெயிலில் போய் நின்றார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக மூடி போட்ட சதுர டின் வந்தது. சரக்கைக் கொடுத்துவிட்டு, போன வாரத்து டின்னைக் காலியாக வாங்கி வர வேண்டும். கழுவி மறுபடி நிரப்புவோம்.

"ஓடர் கெடைச்சா உனக்குப் புது லோரி. கெடைக்கலனா இந்தப் பழசையும் வித்துருவேன். அப்புறம் நீ வீட்ல உக்காந்துக்கலாம்லா," என்றார் முதலாளி.

"நாற்காலி போட்டா பாஸ்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

2. ஒரு டின்னும் காலியாக வரவில்லை

டின் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஆனால் ஒன்றுகூட காலியாக வரவில்லை. ஒன்றில் சீனி, ஒன்றில் வாழைக்காய், ஒன்றில் ஊறுகாய். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஊறுகாய் டின்னைக் கழுவிக் கழுவி பேக்கிங் பெண்களுக்குக் கை எரிந்தது. சுங்கை பூலோ அக்கா ஒருவர் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அந்தக் கோழியை உள்ளே வைத்துக் கொடுத்தார். "முட்டை போடுது அண்ணே, நல்ல கோழி," என்று வேறு சொன்னார்.

நேராக அதைக் கொண்டு வந்து மிஸ் முன்னால்தான் நிறுத்தினேன். அவர் மற்ற டின்களையும் திறந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. முதலாளியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"டேய், நீ ஜனங்கள மெரட்டி வசூல் பண்றியாம்," என்றார் முதலாளி.

"ஐயோ பாஸ்! கோழியவா மெரட்டுவேன்?"

"எனக்குத் தெரியும்டா. இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? இது ரைட்டுன்னு ஆயிட்டா ஓடரும் இல்ல, நீயும் இல்ல."

3. மிஸ் லோரியில் ஏறினார்

மறுநாள் மிஸ் நேரில் பார்க்க என்னோடு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்டி வீட்டில் நிறுத்தினேன். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவார். நான் வாயே திறக்கக் கூடாது என்று மிஸ்ஸின் உத்தரவு. கேட்டோரமாக நின்றேன்.

ஆன்டி டின்னில் முருங்கைக்காய் வைத்துக்கொண்டிருந்தார். காலியாகக் கொடுங்கள் என்று மிஸ் கேட்க, ஆன்டி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தப் பிள்ளைக்கு வீட்டில ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லையோ? சாப்பாடு வந்த ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறதோ?"

நான் உத்தரவுப்படி கேட்டைப் பிடித்துக்கொண்டேன். மிஸ் மறுபடி ஏதோ கேட்டார். இந்த டிரைவர் உங்களை வற்புறுத்தினாரா என்று கேட்டிருக்க வேண்டும். ஆன்டி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"இவரோ? ரெண்டு முருங்கைக்காய் வாங்க வைக்கவே நான் இவரோட சண்டை பிடிக்க வேண்டிக் கிடக்கு!"

அதையே இங்கிலீஷிலும் சொல்லிவிட்டு, மிஸ் கையிலும் நாலு முருங்கைக்காயைத் திணித்தார். மிஸ் வேண்டாம் என்றார். ஆன்டி விடவில்லை. கொஞ்ச நேரம் முருங்கைக்காய் அங்கேயும் இங்கேயும் போய் வந்தது. கடைசியில் மிஸ் தோற்று, அதைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். என் மேல் இருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்தது.

பிறகு இருவரும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துப் பேசினார்கள். கம்பெனிக்கு டின் காலியாக வேண்டும். ஆன்டிக்கு டின் காலியாகப் போகக் கூடாது. ஆன்டியே வாசலுக்குப் போய், மரத்திலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்து டின்னில் போட்டு மூடினார்.

"இப்ப காலியும்தான், காலி இல்லையும்தான். சரியோ?"

மிஸ் தலையாட்டினார்.

அடுத்த வாரத்திலிருந்து எல்லா வீட்டு டின்னிலும் ஒரு கொத்து கறிவேப்பிலை. மிக்சருக்குக் கறிவேப்பிலை வாங்குவதையே முதலாளி நிறுத்திவிட்டார். ஆனால் மிஸ் அதற்கும் கண்டிஷன் போட்டுவிட்டுத்தான் போனார்: இலை கொடுக்கிறவர்களுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும், சும்மா வாங்கக் கூடாது. சரி என்று வீட்டுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தோம். அந்தப் பொட்டலத்துப் பேப்பர் மடித்துத் திரும்பி வந்தது. உள்ளே எலுமிச்சம்பழம்.

ஓடர் கிடைத்தது. புது லோரியும் வந்தது. ஊருக்குப் போகும்போது மிஸ்ஸுக்கு ஒரு டின் மிக்சர் கொடுத்து அனுப்பியிருந்தார் முதலாளி. சில மாதம் கழித்து அந்த டின் பார்சலில் திரும்பி வந்தது. நன்றாகக் கழுவியிருந்தது. உள்ளே அவர் ஊர் மரத்து இலை ஒன்று, காய்ந்து சிவப்பாக. முதலாளி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத மிக்சர்ல போடலாமாடா?" என்று கேட்டார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கொடுத்த பொருள் திரும்பி வர வேண்டுமா? ரூல் போடுவதற்கு முன்னால் போய் ஆன்டியைக் கேளுங்கள். ரூல் போட்ட பிறகு கேட்டால் கோழிதான் வரும்.