மலையேறிய புது இயர்புக்

வெள்ளிமலை கிளை நூலகத்துக்கு ஷர்புன்னிசா நூலகராகப் போன நாளிலிருந்து ஒரு வழக்கம் அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வருஷா வருஷம் அச்சாகும் பொது அறிவுப் புத்தகமான இயர்புக் புதுசாகக் கள்ளக்குறிச்சி நூலகத்துக்கு வரும். அங்கே பழசானது மலைக்கு வரும். முதுகு பிய்ந்த அட்லஸ், போன் நம்பர்கள் மாறிப்போன டைரக்டரி எல்லாம் அப்படித்தான் பஸ் ஏறின.

கரியாலூர் சாலம்மாள் சாமைக் கொல்லையில் கூலிவேலை செய்பவள். வேலை முடிந்த கையோடு வந்து அந்தப் பழைய இயர்புக்கை வரி விடாமல் படித்தாள். அரசுத் தேர்வில் அதையே எழுதினாள். மந்திரிகள் மாறியிருந்தார்கள், கணக்குகளும் மாறியிருந்தன. கைக்கெட்டிய வேலை நழுவியது. அடுத்த தேர்வுக்கு முன்னால் சரியான புத்தகம் மலையில் இருக்கும் என்று ஷர்புன்னிசா அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான மறுநாள் காலை, டவுன் முழுக்கத் தோரணம், தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். "ஜில்லாவ உன் பேர்லயே எழுதிக் குடுத்த மாதிரி துள்றியே" என்றார் டவுனிலேயே ஜவுளிக்கடை வைத்திருக்கும் கணவர் காஜா மைதீன். அவள் துள்ளலுக்குக் காரணம் வேறு. வரும் வருஷத்து இயர்புக் முந்தின மாலைதான் டவுன் நூலகத்தில் வந்து இறங்கியிருந்தது. கதவு திறந்ததும் போய் நின்றாள்.

டவுன் நூலகர் தனசேகரன் எப்போதும் சொல்வதையே சொன்னார். "எங்க ரீடருங்க பாத்து முடிச்சதும் அனுப்பறோம் மேடம்."

"நீங்க சாப்ட்டு மிச்சம் வெச்சதத்தான் மலையில படிக்கணுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், ரெண்டு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

வெள்ளிமலை பஸ்ஸில் சாலம்மாள் இருந்தாள். விழா பார்க்க வந்து, அக்கா வீட்டில் தங்கித் திரும்புகிறவள். புத்தகத்தைக் கண்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலைப்பாதையின் முதல் வளைவுக்குள் பின்சீட்டுக் கைகளும் நீண்டுவிட்டன.

"என் மடிய வுட்டுப் போவாது. இங்கியே பாருங்க" என்றாள் ஷர்புன்னிசா. குறிப்புதவிப் புத்தகம் வெளியே கொடுக்கப்படாது என்ற விதியை அவள் பஸ்ஸிலும் தளர்த்தவில்லை.

நம்ம ஜில்லாவை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். விழுப்புரம் இருந்தது. அதன் வயிற்றுக்குள் கள்ளக்குறிச்சி வெறும் தாலுகாவாகப் பழையபடியே கிடந்தது. மாவட்டம் பிரியும் முன்பே அச்சேறிய புத்தகம்.

"புதுசும் பழசு தானாக்கா?" என்று கேட்டாள் சாலம்மாள்.

ஷர்புன்னிசா இன்னொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தவள் கண்ணில் கண்டக்டர் பச்சமுத்து பட்டார். அவர் அக்குளில் அன்றைய பேப்பர். முதல் பக்கத்தில் புது மாவட்டத்தின் வரைபடம், பக்கத்திலேயே தாலுகாக்களின் பட்டியல். தரச்சொல்லிக் கேட்டாள். தான் இன்னும் ராசிபலனே பார்க்கவில்லை என்று அவர் இழுத்தார். வண்டியே திரண்டு அவரைத் திட்டியது. ராசிபலன் தாளை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்.

வெள்ளிமலையில் இறங்கியதும், வீட்டுக்குப் போகவேண்டியவர்களில் பாதிப் பேர் நூலகத்துக்குள் நுழைந்தார்கள். ஒருவர் டீக்கடையிலிருந்து மைதாப் பசை கிண்டிக்கொண்டு வந்தார். சாலம்மாள் உரக்கப் படிக்க, ஷர்புன்னிசா வெட்டினாள். ஒரு பக்கத்தைத் திருத்தினால் இன்னொரு பக்கம் பொய்யானது. விழுப்புரத்தின் பரப்பளவு வரை துரத்திப் போனார்கள். துண்டுத் தாள்களுக்கு ஓரத்தில் மட்டும் பசை. தூக்கினால் பழசு, விட்டால் புதுசு.

மத்தியானம் தனசேகரன் போன் செய்தார். டவுனில் புது மாவட்டத் தாலுகாக்களைக் கேட்டு ஆட்கள் நிற்கிறார்களாம். "புது புக்குல அந்தப் பேஜ் இருக்குமே, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம்."

மேசையில் சாலம்மாள், காயாத தாளை ஊதி ஊதி, உதடசையப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ரீடர் பாத்துக்கினு இருக்காங்க சார்" என்றாள் ஷர்புன்னிசா. "முடிச்சதும் அனுப்பறேன்."